மின்சாரம் குடிக்கும் மாயாவியும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

“காமிக்ஸா? அந்தப் பொம்மைப் புஸ்தகத்தை வெச்சுட்டுப் பாடத்தை எடுடா!” என்று ஒரு தடவையாவது அதட்டாத அம்மா நம்மில் அபூர்வம். பிள்ளைகள் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிற அந்தப் புத்தகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நாம் பிரித்துப் பார்ப்பதும் அபூர்வம். பிரித்துப் பார்த்தவள் என்கிற முறையில் இதை எழுதுகிறேன். பிறந்த நாட்டில் பெரிதாக யாரும் நினைவில் வைத்துக்கொள்ளாத ஒரு கதாநாயகன், கடல் தாண்டி வந்து, திருவண்ணாமலையின் கிரிவலப் பாதையில் இருக்கும் எங்கள் அடி அண்ணாமலை வரைக்கும் பேர் வாங்கிய கதை இது. இதில் நம்மைப் போன்ற தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது, ஓர் உபயோகமும் இருக்கிறது.

அந்தக் கதாநாயகன் பெயர் இரும்புக்கை மாயாவி. உங்கள் வீட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள், அண்ணனோ மாமாவோ, யாராவது இருந்தால் இந்தப் பெயரை ஒரு தரம் சொல்லிப் பாருங்கள். பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

லண்டனில் பிறந்தவன்

1962 அக்டோபரில் லண்டனில் ‘வேலியன்ட்’ என்று சிறுவர்களுக்காக ஒரு வாரப் பத்திரிகை ஆரம்பித்தார்கள். அதன் முதல் இதழிலேயே தொடங்கிய தொடர்களில் ஒன்று ‘ஸ்டீல் கிளா’. எழுதியவர் கென் பல்மர் என்ற விஞ்ஞானக் கதை எழுத்தாளர். படம் வரைந்தவர் ஜீசஸ் பிளாஸ்கோ. இவர் ஸ்பெயின் தேசத்து பார்சிலோனாக்காரர். அந்தக் காலத்து ஆங்கிலச் சிறுவர் பத்திரிகைகளில் எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் போடுகிற வழக்கம் கிடையாது. இத்தனை அழகாக வரைந்தவர் யாரென்று படிக்கிற பிள்ளைகளுக்கே தெரியாது.

கதை இதுதான். லூயிஸ் கிராண்டேல் என்பவன் ஒரு ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். ஒரு விபத்தில் வலது கை போய்விடுகிறது. அதற்குப் பதில் இரும்பில் ஒரு செயற்கைக் கை பொருத்துகிறார்கள். பிறகு ஆய்வுக்கூடத்தில் இன்னொரு விபத்து. பலத்த மின்சாரம் அவன் உடம்பில் பாய்கிறது. சாகவேண்டியவன் சாகவில்லை. உடம்பு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகிறது. இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கிறது! அன்றிலிருந்து மின்சாரம் பாய்ந்தால் மறைவான். கொஞ்ச நேரத்தில் அதன் சக்தி தீர்ந்ததும் மறுபடி வெளியே தெரிவான்.

முதலில் அவன் நல்லவன்கூட இல்லை. யார் கண்ணுக்கும் தெரியாத பலம் வந்ததும் புத்தி கெட்டுத் திருட்டு, மிரட்டல் என்று போகிறான். பிறகுதான் திருந்தி, நிழற்படை என்ற ரகசிய இலாகாவில் சேர்ந்து, கெட்டவர்களைப் பிடிக்கிறவனாக மாறுகிறான். நடுவில் அமெரிக்க வீரர்களைப் பார்த்து இவனுக்கும் விசேஷ உடுப்பெல்லாம் மாட்டிப் பார்த்தார்கள். அது சரிப்படவில்லை. 1970 வாக்கில் தொடர் முடிந்தது. 1976-ல் ‘வேலியன்ட்’ பத்திரிகையே வேறொரு பத்திரிகையோடு சேர்ந்து மறைந்துபோயிற்று. பிறந்த ஊரில் அவன் கதை ஏறக்குறைய அவ்வளவுதான்.

சிவகாசியில் பெயர் சூட்டு

பட்டாசும் காலண்டரும் மட்டுமா சிவகாசியிலிருந்து நம் வீட்டுக்கு வந்தன? 1972-ல் அங்கே சௌந்திரபாண்டியன் என்பவர் ‘முத்து காமிக்ஸ்’ ஆரம்பித்தார். அதற்கு ஆசிரியராக இருந்தவர் முல்லை தங்கராசன். முதல் இதழாக அவர்கள் வெளியிட்டது இந்த லண்டன்காரனைத்தான். புத்தகத்தின் பெயரே ‘இரும்புக்கை மாயாவி’.

இந்தப் பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழில் சொன்னால் ‘எஃகு நகம்’ என்று ஏதோ கடைச் சாமான் மாதிரி வந்திருக்கும். ‘மாயாவி’ என்ற சொல் அப்படியில்லை. பாட்டி சொன்ன கதையிலேயே மாயாவி வருவான். மறைவான், தோன்றுவான், வேஷம் மாறுவான். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த அந்தச் சொல்லோடு இரும்புக்கையைச் சேர்த்ததும், லண்டன் ஆள் நம்ம ஊர் ஆளாகிவிட்டான். புகுந்த வீட்டில் வைக்கிற பேர் நிலைப்பதுபோல, சிவகாசியில் வைத்த பேர்தான் அவனுக்கு நிலைத்தது.

இன்னொரு விஷயம், விலை. கறுப்பு வெள்ளையில், சாதாரணக் காகிதத்தில், கையடக்கமாக அச்சிட்டதால் சில்லறைக் காசுக்குக் கிடைத்தது. பிள்ளைகள் ஐஸ் குச்சிக்கும் கடலை மிட்டாய்க்கும் கொடுக்கிற காசைச் சேர்த்தாலே வாங்கிவிடலாம்.

கை மாறிக் கை மாறி

ஆனால் எல்லாப் பிள்ளைகளும் வாங்கினார்களா? இல்லை. இங்கேதான் ஒரு ரகசியம் இருக்கிறது.

என் தாய்மாமா அப்போது பள்ளிக்கூடப் பையன். டவுனில் பஸ் நிற்கிற இடத்துக் கடையில் கயிறு கட்டி, துணி காயப்போடுவதுபோல் புத்தகங்களைத் தொங்க விட்டிருப்பார்களாம். வெல்ல மண்டியில் மூட்டை எண்ணுகிற வேலைக்குப் போன சிநேகிதன் ஒருவன்தான் வாங்குவான். அவனிடமிருந்து எட்டுப் பேர். ஒவ்வொருவன் வீட்டிலும் அண்ணன், தம்பி, சித்தப்பா பையன். அட்டை கிழிந்தால் பழைய காலண்டர் தாளை ஒட்டுவார்கள். நாலு புத்தகம் சேர்ந்தால் கோணி ஊசியால் தைத்து ஒரே புத்தகமாக்குவார்கள். முடிவெட்டும் கடை பெஞ்சியில் ஒன்று கிடக்கும். முறை வந்து கூப்பிட்டாலும் “நீங்க போங்கண்ணா, நான் அப்புறம் வெட்டிக்கிறேன்” என்று பையன் எழுந்திருக்க மாட்டானாம். வாடகைப் புத்தகக் கடையில் நாளைக்குப் பத்துப் பைசா கொடுத்து எடுத்து வந்து, ராத்திரியே ஐந்து பேர் படித்து முடித்துக் காலையில் திருப்பிக் கொடுப்பார்களாம்.

ஒரு புத்தகம் விற்றால் பதினைந்து இருபது பேர் படித்தார்கள். விற்ற கணக்கை வைத்து இந்தப் பிரபலத்தை அளக்கவே முடியாது. பெண் பிள்ளைகளான எங்கள் கைக்கு அது வந்து சேருவது கடைசியில்தான். மாமா வீட்டுப் பரணில் பழைய பித்தளைச் சாமானோடு கிடந்த தைத்த புத்தகத்தில்தான் நான் மாயாவியை முதலில் பார்த்தேன். கடைசிப் பக்கம் இல்லை. மாமாதான் வாயால் சொல்லி முடித்தார். இப்படிப் பாதி படித்தும் பாதி கேட்டும் வளர்ந்த கதைகள் எளிதில் சாவதில்லை.

எதனால் பிடித்தது?

இத்தனை வீரர்கள் இருக்க, இவனை ஏன் பிடித்தது? மாமாவிடமும் அவர் வயசு ஆட்களிடமும் கேட்டுப் பார்த்ததிலும், நானே மறுபடி படித்ததிலும் எனக்குப் பட்டவை இவை.

முதலாவது, அந்தப் படம். அந்தரத்தில் ஒரு கை மட்டும் மிதந்து வந்து கதவைத் திறக்கிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் அது புரியும். பிளாஸ்கோவின் தூரிகை நிழலையும் வெளிச்சத்தையும் அப்படி வரைந்திருக்கிறது. கறுப்பு வெள்ளையில் அது இன்னும் எடுப்பாகத் தெரிகிறது.

இரண்டாவது, அவனுடைய குறை. அவனுக்கு ஒரு கை இல்லை. மின்சாரம் கிடைக்காவிட்டால் அவன் சாதாரண மனிதன். நடுவில் சக்தி தீர்ந்துபோனால் மாட்டிக்கொள்வான். எல்லாம் வல்லவனைப் பார்த்து ஆச்சரியப்படலாம். இப்படிப்பட்டவனைப் பார்த்துத்தான் ‘ஐயோ, தப்பிக்கணுமே’ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

மூன்றாவது, அவன் தப்பு செய்து திருந்தியவன். பிள்ளைகளுக்கு அந்த ஆறுதல் தேவையாக இருக்கிறது.

மறந்த ஊரும் மறக்காத ஊரும்

1984-ல் தமிழில் காமிக்ஸுக்கு ஒரு பெரிய அலை வந்தது. சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் இளம் வயதிலேயே ‘லயன் காமிக்ஸ்’ ஆரம்பித்தார். அதே வருஷம் ‘ராணி காமிக்ஸ்’ வந்தது. லயன் கொண்டுவந்த ஸ்பைடரும் லண்டன் சரக்குதான். 1965-ல் அங்கே பிறந்தவன். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் பிற்பாடு அவனுக்குக் கதை எழுதியிருக்கிறார். அவனும் பிறந்த ஊரைவிட இங்கேதான் அதிகம் கொண்டாடப்பட்டான்.

பிறகு வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்தது, கேபிள் வந்தது. புத்தகங்கள் குறைந்தன. ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றது. லயனும் முத்துவும் எப்போதோ ஒரு தடவை வருகிற நிலைமை. அந்த இடைவெளியில்தான் வேடிக்கை நடந்தது. கிடைக்காத பொருளுக்குத்தானே மதிப்பு? மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கப் போன பழைய முத்து காமிக்ஸைத் தேடிப் பழைய பேப்பர் கடைகளில் ஆட்கள் அலைந்தார்கள். சில்லறைக் காசுப் புத்தகம் நூற்றுக்கணக்கான ரூபாய்க்குக் கை மாறியது. சிறுவர்களாக இருந்தவர்கள் ஆபீசர்களாகவும் டாக்டர்களாகவும் சினிமா டைரக்டர்களாகவும் ஆகியிருந்தார்கள். 2010-ல் சிம்புதேவன் எடுத்த ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ படத்தைப் பார்த்தாலே இந்தப் புத்தகங்களின் வாசனை அடிக்கும். இயக்குநர் லோகேஷ் கனகராஜ், ‘இரும்புக்கை மாயாவி’ என்று ஒரு படம் எடுப்பது தன் ஆசை என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

2012 ஜனவரியில் லயன் காமிக்ஸ் புது மெருகோடு திரும்பி வந்தது. அடுத்த சில வருஷங்களில் மாயாவியின் பழைய கதைகளையும் மறுபதிப்பாகப் போட்டார்கள். அப்பாக்கள் தங்களுக்கென்று வாங்கி, பிள்ளைக்கென்று வீட்டில் கணக்குச் சொன்னார்கள்! 2022-ல் முத்து காமிக்ஸுக்கு ஐம்பது வயது நிறைந்தது. லண்டனில்கூட 2021-ல் மாயாவியின் தொடக்கக் கதைகளைத் தூசி தட்டிப் புத்தகமாகப் போட்டார்கள். அவர்களுக்கு அது பழம்பொருள். நமக்கு அவன் வீட்டு ஆள்.

இப்படி நடப்பது இவனுக்கு மட்டுமல்ல. 1936-ல் அமெரிக்காவில் லீ ஃபாக் படைத்த முகமூடி வீரர் ஃபேன்டம், பிறந்த தேசத்தைவிட இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஸ்வீடனிலும்தான் பேர் வாங்கினார். நம் நாட்டில் இந்திரஜால் காமிக்ஸ் 1964-ல் ஆரம்பித்ததே அவரை வைத்துத்தான். இன்றைக்கு நம் பிள்ளைகள் சட்டையிலும் டிபன் பெட்டியிலும் இருக்கிறானே அயர்ன் மேன், அவன் புத்தகத்தில் வந்தது 1963-ல். நம் மாயாவிக்கு ஒரு வயசு இளையவன்! 2008-ல் சினிமா வருகிற வரைக்கும் காமிக்ஸ் படிக்காத ஜனங்களில் எத்தனை பேருக்கு அவனைத் தெரியும்? ஒரு கதாநாயகன் பிரபலமாவது அவன் பலத்தால் மட்டும் ஆகிற காரியமில்லை. யாராவது அவனைத் தங்கள் பாஷையில் சொல்லவேண்டும். இன்னொருவர் கையில் கொடுக்கவேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும்.

“எனக்கும் ஷாக் அடிச்சா மறைஞ்சிடுவேனா?”

இனி நாம் கவனிக்கவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

மறுபதிப்புப் புத்தகத்தை என் சின்னவன் கையில் கொடுத்தபோது அவனுக்கு ஏழு வயசு. குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருந்தவன், சமையற்கட்டு வாசலில் வந்து நின்று சாதாரணமாகக் கேட்டான்.

“அம்மா, எனக்கும் ஷாக் அடிச்சா மறைஞ்சிடுவேனா?”

அடுப்பை அணைத்துவிட்டு அவனை உட்காரவைத்தேன். “மறைஞ்சிடுவே கண்ணு. ஆனா திரும்பி வரமாட்டே” என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. “அப்ப மாயாவி மட்டும்?” “அது வரைஞ்ச ஆளு. அவருக்கு ரத்தமும் இல்லை, இதயமும் இல்லை. உனக்கு ரெண்டும் இருக்கு. வீட்டுக்கு வர்ற கரண்ட் இருநூத்தி முப்பது வோல்ட். அது நெஞ்சு வழியாப் போனா இதயம் துடிக்க மறந்துடும்” என்று அவன் கையை எடுத்து அவன் நெஞ்சிலேயே வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் அந்தத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

அவன் கேட்டதால் எனக்குத் தெரிந்தது. கேட்காத பிள்ளை? 1997-ல் தூர்தர்ஷனில் ‘சக்திமான்’ வந்தபோது, அவர் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிக் குழந்தைகள் விபரீதமாக ஏதேதோ செய்ததாகச் செய்திகள் வந்தன. அந்த வேஷம் போட்ட முகேஷ் கன்னாவே நிகழ்ச்சியில் தோன்றிப் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னார். ஐந்திலிருந்து எட்டு வயசு வரை கதைக்கும் நிஜத்துக்கும் நடுவே உள்ள சுவர் மெல்லியது. அதற்காகப் புத்தகத்தைப் பிடுங்கினால் கேள்வி நிற்காது. கேள்வி நம் காதுக்கு வருவதுதான் நின்றுபோகும். பக்கத்தில் உட்கார்ந்து படிப்பதே நல்லது.

பேச்சோடு நிற்காமல் வீட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள் சகோதரிகளே.

குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கும் பிளக் பாயின்டுகளுக்குப் பிளாஸ்டிக் மூடி போடுங்கள். அல்லது உள்ளே தானாக மூடிக்கொள்ளும் வகையாகப் பார்த்து மாற்றச் சொல்லுங்கள். செல்போன் சார்ஜர் வயரைச் சுவிட்சைப் போட்டபடியே தொங்கவிடாதீர்கள். சின்னக் குழந்தை அதை வாயில் வைக்கும். வாளித் தண்ணீரில் ஹீட்டர் கம்பி போடுகிற வீடானால், அந்த அறைக்குள் பிள்ளைகளை விடவே கூடாது. ஈரக் கையோடும் வெறுங்காலோடும் மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸைத் தொடாதீர்கள். துணி காயப்போடும் கம்பி கரண்ட் வயர் அருகே போகக் கூடாது. கம்பிக்குப் பதில் நைலான் கயிறு நல்லது. மூன்று பின் உள்ள சாமானை எர்த் இல்லாத இரண்டு பின் பாயின்டில் சொருகாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. என்கிற பாதுகாப்புச் சுவிட்ச். 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்கி, எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துங்கள். ஆள் மேல் கரண்ட் பாய்ந்து வெளியே கசிகிற மாத்திரத்தில் அது கண் இமைக்கும் முன் மின்சாரத்தை நிறுத்திவிடும். அதிலேயே ‘டெஸ்ட்’ என்று ஒரு பட்டன் இருக்கும். அமாவாசைக்கு ஒரு தடவை அமுக்கிப் பார்க்கிறேன் என்று வழக்கம் வைத்துக்கொண்டால் மறக்காது.

யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால் முதலில் அவரைத் தொடாதீர்கள். பெற்ற பிள்ளையானாலும் தொடாதீர்கள். தசைகள் இறுகிப்போவதால் பிடித்தவரால் விட முடியாது. தொட்டால் நாமும் மாட்டிக்கொள்வோம். மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் அல்லது பிளாஸ்டிக் நாற்காலியால், காய்ந்த இடத்தில் நின்றுகொண்டு, வயரிலிருந்து அவரைப் பிரியுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் வேகமாக, இடைவிடாமல் அமுக்கிக்கொண்டே இருக்கவேண்டும். 108-ல் பேசுகிறவர் சொல்கிறபடி செய்யுங்கள். எழுந்து உட்கார்ந்து “ஒண்ணும் இல்லை” என்று சொன்னாலும் டாக்டரிடம் காட்டியே தீரவேண்டும். உள்ளே ஏற்பட்ட காயமும் இதயத் துடிப்பில் வந்த கோளாறும் வெளியே தெரியாது.

இரண்டு விரல் இல்லாத மாயாவி

எச்சரிக்கையைச் சொன்னேன். உபயோகத்தையும் சொல்லவேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு பையன். கரும்பு ஜூஸ் பிழிகிற மிஷினில் வலது கை இரண்டு விரல் போய்விட்டது. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற கூட்டத்துக்காகப் போடுகிற கடைகளில் எத்தனையோ மிஷின்கள் மூடி இல்லாமல் ஓடுகின்றன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் கையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பான். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம். அவன் அம்மா என்னிடம் வந்து, “என்ன சொல்லியும் கேக்க மாட்டேங்குறான்க்கா” என்று அழுதாள்.

அவன் தினமும் சாயந்திரம் என் சின்னவனோடு திண்ணையில் உட்காருவான். புத்தகம் இருவர் மடிக்கும் நடுவே இருக்கும். நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் படம் பார்த்துக்கொண்டே அவன் கேட்டானாம், “டேய், இவனுக்குக் கையே இல்லையாடா?” “ஆமா. அதனாலதான்டா இவன் மாயாவி” என்று என் மகன் சொல்லியிருக்கிறான். கொஞ்ச நாளில் பக்கம் புரட்டுகிற கை சட்டைப் பையிலிருந்து வெளியே வந்தது. அந்தக் கையாலேயே பென்சில் பிடித்து மாயாவியை வரைந்து பழகினான். முழுப் பரீட்சைக்குள் எழுத்தும் வந்துவிட்டது. தெருவில் பிள்ளைகள் “மாயாவி” என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவன் அம்மாவுக்கு முதலில் கஷ்டமாக இருந்தது. பட்டப் பெயர் வைத்து ஊனத்தைக் கேலி செய்வது நம் ஊரில் புதிதா என்ன? ஆனால் அவனே திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். அவனுக்குத் தெரிகிறது, இந்தப் பெயரில் கேலி இல்லை என்று.

டாக்டர் செய்யவேண்டியதை டாக்டர் செய்தார். கைக்குப் பயிற்சி கொடுக்கிறவரிடமும் காட்டினார்கள். ஆனால் கையை வெளியே எடுக்கும் தைரியத்தை ஒரு பொம்மைப் புத்தகம் கொடுத்தது. 1962-ல் முகம் தெரியாத இருவர் எழுதி வரைந்தது, அறுபது வருஷம் கழித்து ஒரு மலையடிவாரத் திண்ணையில் வேலை செய்ததென்றால் அதைச் சாதாரணம் என்று நான் சொல்லமாட்டேன்.

நாம் செய்யக்கூடியவை

இன்று பல வீடுகளில் பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியம். தமிழ் பேசுவார்கள், படிக்கச் சொன்னால் திணறுவார்கள். 2020, 21-ல் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்து, பாடமெல்லாம் செல்போனில் நடந்த பிறகு இது இன்னும் அதிகமாகிவிட்டது. அவர்களுக்குக் காமிக்ஸ் ஒரு நல்ல ஏணி. படம் கதையை இழுத்துக்கொண்டு போகும். பேச்சு சின்னச் சின்ன வாக்கியமாக இருக்கும். புரியாத சொல்லுக்குப் படமே அர்த்தம் சொல்லும்.

நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். புதுப் புத்தகம் வந்தால் முதலில் நான் புரட்டிப் பார்ப்பேன். சில கதைகளில் சுடுவதும் வெட்டுவதும் அதிகம். அவற்றைப் பெரிய வயசுக்கு எடுத்து வைத்துவிடுவேன். மாயாவி கதைகளை எட்டு வயசுக்கு மேல் தனியாகப் படிக்கலாம். அதற்குக் கீழே என்றால் கூட உட்கார்ந்து படியுங்கள். ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் குழந்தை. குரல் மாற்றி வில்லன் மாதிரி படித்தால் குஷி தாங்காது. படித்து முடித்ததும் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். எழுதச் சொல்லாதீர்கள், உடனே அது பாடமாகிவிடும். சாப்பிடும்போது மட்டும் புத்தகம் வேண்டாம். எத்தனை வாய் சாப்பிட்டோம் என்பதே தெரியாது. படுத்துக்கொண்டும் மங்கல் வெளிச்சத்திலும் படிக்கவிடாதீர்கள்.

புதுப் புத்தகம் இன்று சில்லறைக் காசுக்குக் கிடைக்காது, வாஸ்தவம்தான். நாலு வீடு சேர்ந்து வாங்குங்கள். வீட்டுக்கு ஒரு வாரம் முறை வைத்துக்கொள்ளுங்கள். பழைய நாளில் நடந்தது அதுதானே? படித்த புத்தகத்தைப் பழைய பேப்பர்காரருக்கு நிறுத்துப் போடாதீர்கள். அட்டை கிழிந்தால் காலண்டர் தாள் ஒட்டி அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள். முக்கியமாக, பெண் குழந்தைகள் கைக்கு அது கடைசியில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் சாகசம் வேண்டும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களைக் கேளுங்கள். “மாமா, நீங்க சின்ன வயசுல என்ன படிச்சீங்க?” என்று பிள்ளையை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பதிலுக்கு ஒரு சாயந்திரம் முழுக்க ஓடிவிடும். அந்த நேரத்தில் செல்போனை யாரும் தேடமாட்டார்கள்.